புதிதாய்ச் சேர்ந்த அக்கா

ஆடிட்டர் அலுவலகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முன்னறை பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேர் அவளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றார்கள். ஒருவன் நல்ல உயரம். கதவு நிலையில் தலை தட்டாமல் உள்ளே வர அவன் குனிந்திருக்க வேண்டும். மற்றவள் குள்ளமாக, துறுதுறுவென்று, எழுந்த வேகத்தில் மடியில் இருந்த பையைக் கீழே போட்டாள். இருவருக்கும் கல்லூரி வாசனை இன்னும் போகவில்லை.

"குட் மார்னிங் மேடம்," என்றான் உயரமானவன்.

அவள் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. முப்பத்தொன்பது வயது, காதோரம் நரை, மூக்குக்கண்ணாடி. தன்னைத்தான் ஆடிட்டர் என்று நினைத்துவிட்டார்கள்.

"நானும் இன்னிக்குத்தான்பா சேர்றேன். உக்காருங்க," என்றாள்.

மூவரும் அந்த ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். குள்ளமானவள்தான் முதலில் சிரித்தாள். சிரிப்பு மற்ற இருவருக்கும் தொற்றிக்கொண்டது. நிஜமான ஆடிட்டர் அம்மா உள்ளே வந்தபோது மூவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எழுந்து நிற்கவில்லை. அறுபதைத் தாண்டிய அந்த அம்மா, "நல்லாருக்கு. வந்த அன்னிக்கே அழ ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

அன்று மாலைக்குள் அலுவலகம் மூவருக்கும் பெயர் வைத்துவிட்டது. உயரமானவன் ஏணி. படபடவென்று பேசுபவள் மின்னல். வயதில் மூத்த அவள் அக்கா.

அக்கா அதற்கு முன் பதினான்கு வருஷம் ஒரு பெரிய பலசரக்குக் கடையில் பில் போடும் கவுண்டரில் இருந்தாள். இருந்தாள் என்று சொல்வதுகூடத் தப்பு, நின்றாள். அங்கே உட்காருவதற்கு இடம் கிடையாது. வாடிக்கையாளர்கள் முன்வாசல் வழியாக வருவார்கள், வேலை செய்பவர்கள் பின்னால் சரக்கு இறங்கும் சந்து வழியாக. ஒரு முறை கடைக்குள்ளேயே கணக்குப் பிரிவில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு மேனேஜரிடம் போய்க் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "பில் போடுறதும் கணக்கு எழுதுறதும் ஒண்ணாம்மா? உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி?" என்றார். கோபப்பட்டிருந்தால் அவள் மறந்திருப்பாள். அந்தச் சிரிப்புதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. அந்த மாதமே மாலை வகுப்பில் சேர்ந்தாள். கூரியர் வேன் ஓட்டும் கணவன், வகுப்பு முடிகிற நேரத்துக்குக் கடைசி பார்சலை அந்தப் பக்கமாகவே வைத்துக்கொண்டு, அவளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவான். மகன் முன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருப்பான். அப்படி மூன்று வருஷம் படித்து வாங்கிய சான்றிதழோடுதான் இந்தப் பெஞ்சுக்கு வந்திருந்தாள்.

முதல் வாரத்தில் ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு மூவரும் பேசிக்கொண்டிருந்தபோது, வாழ்க்கையில் ஜெயிப்பது என்றால் என்ன என்ற பேச்சு வந்தது. அந்த வயதில் அந்தப் பேச்சு வராமல் இருக்குமா?

"எல்லாப் பரீட்சைப் பேப்பரும் முதல் தடவையிலேயே பாஸ். முப்பது வயசுக்குள்ள கண்ணாடிக் கதவு போட்ட தனி ரூம். கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள வரணும்," என்றாள் மின்னல். மூச்சு விடாமல் சொன்னாள். ரொம்ப நாள் யோசித்து வைத்திருந்தது தெரிந்தது.

ஏணி கொஞ்சம் தயங்கினான். "எங்கப்பா ஹார்டுவேர் கடை வச்சிருக்கார். யாராவது வந்து 'பையன் என்ன பண்றான்'னு கேட்டா, அவர் ஒரு கம்பெனி பேரைச் சொல்லணும். சொன்ன உடனே கேட்டவர் வாயை மூடிடணும். அவ்வளவுதான்."

இருவரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"உக்காந்து வேலை பாக்கணும்னு நினைச்சேன். அது வந்த அன்னிக்கே கிடைச்சிருச்சு. இனிமே புதுசா ஏதாவது யோசிக்கணும்," என்றாள் அவள்.

அவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் மனதில் ஒன்று இருந்தது, சொல்லவில்லை. என்றைக்காவது ஒரு நாள் தோளில் அலுவலகப் பையோடு அந்தப் பலசரக்குக் கடையின் முன்வாசல் வழியாக நுழைய வேண்டும். மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட வேண்டும். சின்னப்பிள்ளைத்தனம் என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அந்தக் காட்சியை ஒரு முறை ஓட்டிப் பார்த்துக்கொள்வாள்.

மூவருக்கும் மேலே இருந்தவன் டை. அலுவலகத்திலேயே கழுத்தில் டை கட்டி வருபவன் அவன் ஒருவன்தான் என்பதால் அந்தப் பெயர். வயது இருபத்தாறு. வேலையில் கெட்டிக்காரன், ஆனால் வாய் கொஞ்சம் காரம். ஏணியும் மின்னலும் நாளுக்கு இரண்டு முறையாவது அவனிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அக்காவிடம் வரும்போது மட்டும் அவன் குரல் அரைத்த மாவு போல வழுவழுப்பாகிவிடும். அவளிடம் "வாங்க" என்பதா "வாங்கக்கா" என்பதா, "மேடம்" என்பதா என்று தெரியாமல் வாக்கியத்தை ஆரம்பிக்காமலே முடித்துவிடுவான். அவளுடைய பிழைகளை அவனே சத்தமில்லாமல் திருத்திவிடுவான். அவளும் ஆரம்பத்தில் அதைப் பெரிய மரியாதை என்றுதான் நினைத்தாள்.

பேக்கரி விவகாரத்துக்குப் பிறகுதான் அந்த மரியாதையின் விலை தெரிந்தது.

ஒரு சின்ன பேக்கரியின் கணக்கை அவள் எழுதியிருந்தாள். அந்த வருஷம் பேக்கரிக்காரர் பெரிய மின்சார அடுப்பு ஒன்று வாங்கியிருந்தார். பத்து வருஷத்துக்கு மேல் உழைக்கப்போகிற அடுப்பு; அதன் விலையைப் பல வருஷங்களுக்குப் பிரித்துத்தான் எழுத வேண்டும். மாவு, சர்க்கரை, வெண்ணெய் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்த கை, அடுப்பையும் அந்த வருஷச் செலவிலேயே சேர்த்துவிட்டது. நன்றாக ஓடிய கடை, காகிதத்தில் நஷ்டக் கடையாகிப் போனது. போதாத காலம், டை கடைசியாகச் சரிபார்ப்பதற்கு முன்பே பேக்கரிக்காரர் நேரில் வந்து அதன் நகலைக் கேட்டு வாங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் போன் செய்தார். டைதான் எடுத்தான்.

"தம்பி, நல்லாப் போகுதுன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். இப்படி இருக்கும்னு தெரியாது. கவுண்டர்ல ஒரு பொண்ணை வச்சிருக்கேன். இந்த மாசத்தோட நின்னுக்கம்மான்னு இன்னிக்குச் சொல்லிடலாம்னு இருக்கேன். வேற வழி தெரியல."

டை கணக்கை எடுத்துப் பார்த்தான். இரண்டு நிமிஷத்தில் அடுப்பைக் கண்டுபிடித்தான். "ஐயா, யாரையும் நிறுத்தாதீங்க. எங்க பக்கம் தப்பு நடந்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள சரியான கணக்கு வரும்," என்று சொல்லி போனை வைத்தான். வைத்தவன் நேராக எழுந்து போய் ஏணியின் மேஜை முன் நின்றான்.

"அடுப்பைச் செலவுல எழுதுவாங்களா? இதைப் பார்த்து டிக் போட்டது நீதானே? கண்ணை எங்க வச்சிருந்தே? கவுண்டர்ல நிக்கிற பொண்ணை இன்னிக்கு நிறுத்த இருந்தார் பேக்கரிக்காரர்."

ஏணி தலை குனிந்து நின்றான். அவன் தலை குனிந்தாலும் டையின் தலைக்கு மேலேதான் இருந்தது. எழுதியது யார் என்று அவன் சொல்லவில்லை. அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. கவுண்டரில் நிற்கும் அந்த முகம் தெரியாத பெண், அன்று காலை வீட்டிலிருந்து கிளம்பி வந்திருப்பாள். தனக்கு என்ன நடக்க இருந்தது என்று தெரியாமல் சில்லறையை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

டை திரும்பிப் போனதும் அவள் எழுந்து அவன் அறைக்குப் போனாள்.

"அது நான் எழுதினது."

"தெரியும்க்கா. பரவால்ல. நான் மாத்திடறேன்."

"பரவால்ல இல்ல தம்பி. ஒரு பொண்ணுக்கு வேலை போயிருக்கும்."

"போகலையே."

"நீங்க என்னைத் திட்டணும்."

டை பேனாவைக் கீழே வைத்தான். "என்னக்கா சொல்றீங்க?"

"ஏணியைத் திட்டினீங்க. மின்னலை நேத்து அழ வச்சீங்க. அவங்க ரெண்டு பேரும் அந்தத் தப்பை இனி ஜென்மத்துக்கும் பண்ண மாட்டாங்க. என் தப்பையெல்லாம் நீங்களே துடைச்சுத் துடைச்சு வச்சிடறீங்க. அப்புறம் நான் எப்பதான் கத்துக்கிறது? வயசுக்கு மரியாதை வீட்ல கிடைக்குது. இங்க நான் வேலை கத்துக்க வந்தேன்."

டைக்கு முகம் சிவந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் கழுத்து முடிச்சைத் தளர்த்தினான்.

"அக்கா, நீங்க வந்து... கொஞ்சம் கவனமா..."

"இதுவா திட்டு? எங்க வீட்டுக்காரர் காபி ஆறிப்போனா இதைவிட நல்லாத் திட்டுவார்."

அவன் சிரித்துவிட்டான். சிரித்து முடித்ததும், அந்த உற்சாகத்திலேயே, திட்டியும்விட்டான். அடுப்பு ஏன் செலவில்லை என்பதில் ஆரம்பித்து, முடிவாகச் சரிபார்க்காத காகிதத்தை வாடிக்கையாளர் கையில் கொடுத்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்பது வரைக்கும், நிறுத்தாமல். அவள் நின்று கேட்டாள். கண்ணில் நீர் முட்டியது. வெளியே வந்து ஏணியிடம் மன்னிப்புக் கேட்டாள். சாயங்காலத்துக்குள் கணக்கைத் திருத்தி எழுதி, அவளே பேக்கரிக்கு எடுத்துப் போய்க் கொடுத்தாள். கவுண்டரில் நின்ற பெண் சின்னவள். "என்ன வேணும்க்கா?" என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் அக்கா இரண்டு பன் வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளும் மற்றவர்களைப் போல டையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். "மூணு பேருக்கும் சம பங்கு" என்று மின்னல் கேலி செய்வாள். வேலை கிடுகிடுவென்று பிடிபட்டது.

இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் ஆடிட்டர் அம்மா எல்லாரையும் கூப்பிட்டுப் புதிதாக வந்த பெரிய வேலை ஒன்றைச் சொன்னார். ஒரு பலசரக்குக் கடை. எந்தக் கடை என்று சொன்னதும் அக்காவுக்குக் காது அடைத்தது. அதே கடை. சரக்கு இருப்பைச் சரிபார்க்க நான்கு பேர் போக வேண்டும். டை வாசித்த நான்கு பேரில் அவளும் இருந்தாள்.

அன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தான் அங்கே வேலை பார்த்தவள் என்பது வேலைக்கு விண்ணப்பித்தபோது எழுதிக் கொடுத்ததுதான், ஆனால் அதை யார் நினைவில் வைத்திருக்கப்போகிறார்கள்? ஆடிட்டர் பக்கத்தில் இருந்து போகிறவர்களுக்கு அந்தக் கடையோடு ஒட்டும் இருக்கக் கூடாது, உறவும் இருக்கக் கூடாது. முதல் மாதத்திலேயே சொல்லிக் கொடுத்த பாடம். சொல்லாமல் போனால் முன்வாசல். சொன்னால் அது கிடையாது.

சாப்பிடாத டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்ச் சொன்னாள். டை நிமிர்ந்து பார்த்தான். "நல்ல வேளை சொன்னீங்க. இந்த வேலையில நீங்க வேண்டாம். அந்த ஃபைலையும் தொடாதீங்க," என்றான். நன்றியோடுதான் சொன்னான். ஆனால் அவளுக்கு யாரோ கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டது போல இருந்தது.

வீட்டில் கணவன் கேட்டான்: "நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"உள்ள நுழைஞ்ச உடனே கவுண்டர்ல இருக்கிற அத்தனை பேரும் 'நம்ம அக்கா'ன்னு ஓடி வந்து கட்டிக்குவாங்க. அப்புறம் ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து வந்தவங்க மூஞ்சியை எங்க வச்சுக்கிறது?"

அவன் யோசித்தான். "அப்போ யாரும் கட்டிக்காம இருந்தா உனக்குப் பரவால்லையா?"

அவர்கள் ஓடி வர வேண்டும் என்பதற்காகத்தானே அவள் போக ஆசைப்பட்டதே. அதை நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. சிரித்தாலும் வருத்தம் அடுத்த சில நாட்களுக்கு இருக்கத்தான் செய்தது. ஏணியும் மின்னலும் அந்தக் கடையிலிருந்து திரும்பி வந்து, மேனேஜர் நாற்காலி போட்டது, குளிர்பானம் கொடுத்தது என்றெல்லாம் கதை சொன்னபோது அவள் ஃபைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அந்த வேலைக்குப் பதிலாக அவளை ஊருக்கு வெளியே ஒரு செடி நர்சரிக்கு அனுப்பினார்கள். தனியாக.

நர்சரியை நடத்தியவர் கணவனை இழந்த ஒரு அம்மா. ரப்பர் பூட்ஸ், கையில் எப்போதும் ஒரு குட்டிக் கத்தரி. பாங்கில் கடனுக்குக் காட்டுவதற்காகத் தன்னிடம் இருக்கும் செடிகளின் மதிப்பு அவருக்கு வேண்டியிருந்தது. அக்கா காலையிலிருந்து வரிசை வரிசையாக நடந்து எண்ணினாள். பூச்செடி, நிழல் செடி, பழக்கன்று. மண்ணும் ஈரமும் செருப்பில் அப்பிக்கொண்டன. கடைசியாகப் பச்சை வலைக்குக் கீழே ஒரு மூலை. அங்கே இருந்த கன்றுகளில் இலை இல்லை. குச்சி குச்சியாக நின்றன.

"இதையும் எழுதிக்கோ. நல்ல ஜாதிக் கன்று," என்றார் செடிக்காரம்மா.

"இது செத்துப் போச்சேம்மா."

"யார் சொன்னது? தூங்குது."

"தூங்குற செடியை யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா?"

"நான் விப்பேன்."

"எப்போ?"

"எழுந்திரிச்சதும்."

அக்கா அந்தக் குச்சிகளைப் பார்த்தாள். அந்த அம்மாவின் முகத்தையும் பார்த்தாள். ஏமாற்றுகிற முகம் இல்லை. உண்மையாகவே நம்புகிற முகம். அதுதான் சிக்கலே. "அப்போ எழுந்திரிச்சதும் அடுத்த வருஷக் கணக்குல சேத்துக்கலாம்மா. இந்த வருஷம் பேசாம தூங்கட்டும்," என்றாள்.

செடிக்காரம்மாவுக்கு வந்ததே கோபம். நேற்று வந்தவளுக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும் என்றார். அக்கா ஒத்துக்கொண்டாள்: செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. "ஆனா பாங்க்ல இருந்து வர்றவருக்கும் தெரியாதுல்லம்மா. அவர் குச்சியைப் பார்த்தா குச்சின்னுதான் நினைப்பார். ஒரு மூலையில சந்தேகம் வந்தா மத்த எல்லாத்தையும் சந்தேகப்படுவார்." அந்த அம்மா கேட்கவில்லை. டீகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டு, அவள் பஸ் ஏறுவதற்குள் அலுவலகத்துக்குப் போன் செய்து புகார் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்தவள் திட்டுக்குத் தயாராகத்தான் நின்றாள். டை காகிதத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தான். கீழிருந்து மேல் வரை பார்த்தான். "சரியாத்தானே போட்டிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையை எடுத்தான். அவ்வளவுதான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தச் சின்ன வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் நர்சரியிலிருந்து போன் வந்தது. ஆடிட்டர் அம்மாவே எடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்தவர் வெளியே வந்து அக்காவின் மேஜையருகில் நின்றார்.

"போன தடவை தன்கூட சண்டை போட்டுட்டுப் போச்சே ஒரு பொண்ணு, அதைத்தான் அனுப்பணுமாம். வேற யாரும் வேண்டாமாம். பாங்க்காரர் வந்து வரிசையா எண்ணிப் பார்த்துட்டு, ஒரு கேள்வி கேக்காம கையெழுத்துப் போட்டாராம்."

ஏணி மேஜையைத் தட்டினான். மின்னல் விசிலடிக்கப் பார்த்தாள், வரவில்லை. நாற்பத்தொரு வயதில் ஒருத்தர் தன்னைப் 'பொண்ணு' என்று சொன்னதே அக்காவுக்குப் போதுமாக இருந்தது. நர்சரிக்குப் போனபோது செடிக்காரம்மா அவள் கையைப் பிடித்துப் பச்சை வலைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். குச்சிகளில் பாதி தளிர் விட்டிருந்தன. மீதிப் பாதியைக் காணோம்.

"மத்தது?" என்று கேட்டாள் அக்கா.

"அது எழுந்திரிக்கல," என்றார் அந்த அம்மா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. பிறகு டீ வந்தது. இரண்டு பேரும் கவிழ்த்த பூந்தொட்டிகளின் மேல் உட்கார்ந்து குடித்தார்கள்.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. மேற்கொண்டு எழுத வேண்டிய பரீட்சையில் அவள் ஒரு பேப்பரில் விழுந்தாள். மறுபடி எழுதி மறுபடியும் விழுந்தாள். மின்னல் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் முடித்துவிட்டுப் பெரிய கம்பெனி ஒன்றுக்குப் போனாள். போகும்போது அக்காவின் தோளில் சாய்ந்து நெடுநேரம் அழுதாள். ஏணி, யார் வாயையும் மூடவைக்கிற கம்பெனிக்குப் போகவில்லை. அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு போய், அந்தக் கடையின் கணக்கை இதே அலுவலகத்துக்குக் கொண்டுவந்தான். பெஞ்சில் சேர்ந்து உட்கார்ந்த மூவரில் அவள் மட்டும் மிஞ்சினாள். பரீட்சை முடிவு வரும் நாட்களில் மனம் சுருக்கென்றுதான் இருந்தது. மூன்றாம் முறை எழுதுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. புத்தகத்தைப் பரணில் போடவும் இல்லை.

ஐந்தாம் வருஷம் ஒரு மதியம் ஆடிட்டர் அம்மா அவளை உள்ளே கூப்பிட்டார். சின்ன வாடிக்கையாளர்கள் எல்லாரும், பேக்கரி, நர்சரி, ஹார்டுவேர், பெயின்ட் கடை, இனி அவள் பொறுப்பு. அவளுக்குக் கீழே இரண்டு பேர். பதவியின் பெயரும் மாறுகிறது. சம்பளமும் கொஞ்சம் கூடுகிறது. அவள் வெளியே வந்து, மாடிப்படி வளைவில் நின்று கணவனுக்குப் போன் செய்தாள். அவன் எங்கோ பார்சல் இறக்கிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரே இரைச்சல்.

"என்ன ஆனே? கேக்கல."

"சீனியர். சீனியர் ஆக்கியிருக்காங்க."

"சீனியரா? அது உன்னைப் பார்த்தாலே தெரியுதே. அதைச் சொல்ல அஞ்சு வருஷமா அவங்களுக்கு?"

"போனை வைங்க," என்றாள் அவள்.

அவன் வைக்கவில்லை. இரைச்சல் கொஞ்சம் அடங்கியது. வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். "நிஜமாவா?" என்று கேட்டான், வேறு குரலில். "நிஜமா," என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தூசி என்றான். ஆமாம், அங்கே தூசி அதிகம்தான் என்றாள் அவள்.

சாயங்காலம் வேன் அலுவலக வாசலுக்கே வந்து நின்றது. மகன் முன் இருக்கையில், முழங்கால் இடிக்க இடிக்க உட்கார்ந்திருந்தான். மூவரும் எங்காவது சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று கிளம்பி, எங்கே என்று தீர்மானிக்க முடியாமல் சண்டை போட்டு, கடைசியில் வீட்டிலேயே ஏதோ செய்து சாப்பிட்டார்கள். மறுநாள் பெயின்ட் கடையில் சரக்கு எண்ண வேண்டியிருந்தது. கறை பட்டால் போகாது என்பதால், பழைய உடுப்பாகப் பார்த்து எடுத்து வைத்துவிட்டுப் படுத்தாள்.